கீழே 190 எம்பிபிஎஸ், மாடிப் பின்னறையில் 6: கான்கிரீட் வீட்டில் வைஃபையைச் சரிசெய்வது எப்படி?

#1 – மாடிவீடு

வணக்கம். தரைத்தளமும் முதல் மாடியும் உள்ள தனி வீடு. ஒவ்வொரு தளமும் சுமார் 1,100 சதுர அடி. வெளிச்சுவர் 9 அங்குலச் செங்கல், உள்சுவர் நாலரை அங்குலம், நடுவில் கான்கிரீட் தளம். 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. நிறுவனம் கொடுத்த, ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியிலேயே வைஃபை இருக்கிறது; 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உண்டு. பெட்டி ஹாலின் முன்மூலையில், டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

ஹாலில் 190 வருகிறது. சமையலறையில் 60. மாடி முன்னறையில் 25, 30. மாடிப் பின்னறையில் 6 தான், அதுவும் நிற்பதில்லை. வீடியோ கால் பேசவே முடியவில்லை. மூன்று போன், இரண்டு லேப்டாப், ஒரு டிவி, இரண்டு வைஃபை கேமரா, நான்கு ஸ்மார்ட் பல்பு இணைந்திருக்கின்றன. பிளானை 300க்கு மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் லைன் ஆள். 8,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். எதில் தொடங்குவது?

#2 – செம்புக்கம்பி

பிளானை மாற்றாதீர்கள். ஹாலில் 190 வருகிறது என்றால் வீட்டுக்குள் வரும் லைன் நன்றாக இருக்கிறது. 300 ஆக்கினால் ஹாலில் 280 வரும், பின்னறையில் அதே 6 தான்.

எதையும் வாங்குவதற்கு முன் மூன்று அளவுகளை எடுத்துப் போடுங்கள்.

முதலாவது, லேப்டாப்பைக் கேபிளில் நேராக ஓஎன்டியின் லேன் போர்ட்டில் செருகி வேகம் பாருங்கள். லைனின் உண்மையான வேகம் இதுதான். 93, 94லேயே நின்றால் கேபிளோ போர்ட்டோ 100 எம்பிபிஎஸ் வகை என்று அர்த்தம்.

இரண்டாவது, போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு அறையிலும் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் சிக்னலை டிபிஎம் அளவில் குறித்துக்கொள்ளுங்கள். 2.4க்கும் 5க்கும் தனித்தனியாக. போனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் அந்தக் கோட்டின் கணக்கு வேறு. டிபிஎம் எப்போதும் மைனஸில் வரும். -50 அருமை, -65 வரை நல்லது, -70 வீடியோ காலுக்கு விளிம்பு, -80க்குக் கீழே போனால் இணைந்திருப்பதாகக் காட்டுமே தவிர வேலை நடக்காது.

மூன்றாவது, பின்னறையிலிருந்து லேப்டாப்பில் 192.168.1.1க்கு (உங்கள் ஓஎன்டியின் முகவரி வேறாக இருந்தால் அதற்கு) தொடர்ந்து பிங் (ஒரு சிறு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தைக் காட்டும் சோதனை) ஓடவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். ரூட்டர் வரைக்குமான பிங்கே தாறுமாறாக ஏறி இறங்கினால் கோளாறு வீட்டுக்குள். அது 2, 5 மில்லிசெகண்டில் நிலையாக இருந்து, வெளியே கூகுளின் 8.8.8.8க்குப் போகும் பிங் மட்டும் குதித்தால் கோளாறு லைனில்.

#3 – மாடிவீடு

கேபிளில் 198. ஹால் -42, சமையலறை -63, மாடி முன்னறை -74, பின்னறை -84. இவை எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸில். 2.4இல் பின்னறை -70. பின்னறையிலிருந்து ரூட்டருக்குப் பிங் 4 முதல் 400 வரை ஆடுகிறது, நடுவில் டைம் அவுட்டும் வருகிறது.

#4 – அலைவரிசை

லைனில் குறை இல்லை என்பது உறுதியாகிவிட்டது. இனி அலை எங்கே செத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

டெசிபல் கணக்கு இப்படி: 3 குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று, 20 குறைந்தால் நூறில் ஒன்று. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் போகும். நாலரை அங்குலச் செங்கல் சுவர் 5 கிகாஹெர்ட்ஸில் சுமாராக 6 முதல் 10 வரை தின்னும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் 15 முதல் 25 வரை, சில இடங்களில் அதற்கு மேலும். 2.4இல் இந்த இழப்புகள் எல்லாமே குறைவு. அதனால்தான் உங்கள் பின்னறையில் 2.4 இன்னும் -70இல் இருக்கிறது.

உங்கள் வீட்டில் பெட்டி இருப்பது முன்மூலை, தரைமட்டம். அறை இருப்பது பின்பக்கம், மாடி. அலை தளத்தையும் சுவர்களையும் சாய்வாகக் கடக்கிறது. 5 அங்குலத் தளத்தைச் செங்குத்தாகக் கடந்தால் 5 அங்குலம். செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்வில் கடந்தால் 10 அங்குலம். போதாததற்கு டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டு: மேலே டிவியின் உலோக முதுகு, பக்கத்தில் செட்டாப் பாக்ஸ், பின்னால் சுவர். இரும்பு பீரோ, பிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை வழியில் இருந்தால் அவற்றின் பின்னால் நிழல் விழும். கண்ணாடியின் பின்பூச்சு உலோகம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இன்னொரு விஷயம் முக்கியம். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பின்னறை லேப்டாப் 6 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு கோப்பை இழுக்கும்போது, அதே அளவு தரவுக்கு ஹால் போனைப்போல முப்பது மடங்கு காற்று நேரத்தை அது எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் ஹாலில் இருப்பவர்களுக்கும் வேகம் விழும். மோசமான மூலையைச் சரிசெய்தால் மொத்த வீட்டுக்கும் நல்லது.

காசு செலவில்லாத முதல் வேலை: பெட்டியை வெளியே எடுங்கள். படிக்கட்டு எங்கே இருக்கிறது? படிக்கட்டு உள்ளேயே இருந்தால் அதுதான் உங்கள் வீட்டுக் கான்கிரீட்டில் இருக்கும் ஒரே பெரிய ஓட்டை. அதன் அடியில், 5, 6 அடி உயரத்தில், திறந்த இடத்தில் பெட்டி வந்தால் மாடிக்கு நல்ல வித்தியாசம் தெரியும்.

ஆன்டெனா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை என்றால் அலை அதன் பக்கவாட்டில்தான் பரவும். மெதுவடையின் ஓட்டையில் குச்சியைச் செருகியதுபோல. குச்சியின் நுனி நோக்கும் திசையில்தான் மிகக் குறைவு. அதே தளத்துக்கு நிமிர்த்தி வையுங்கள், மாடிக்காக ஒன்றைக் கிடையாகச் சாய்த்துவிடுங்கள்.

#5 – மாடிவீடு

படிக்கட்டு வீட்டுக்குள்தான், ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில். ஆனால் ஃபைபர் முன்மூலை ஜன்னல் வழியாகத்தான் வருகிறது. அதை நானே நகர்த்தலாமா?

#6 – கண்ணாடியிழை

ஃபைபரை நீங்களே இழுக்காதீங்க. ஓஎன்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு லேன் கேபிள் படிக்கட்டுக்குக் கொண்டுபோய் அங்கே தனி ரூட்டர் வைக்கிறதுதான் சுலபம்.

நகர்த்தியே ஆகணும்னா பழைய ஒயரை இழுத்து நீட்டாம, தேவையான நீளத்துக்கு ரெடிமேட் பேட்ச் கார்டும் இணைக்கிற கப்ளரும் வாங்கணும். முனை பச்சையா நீலமான்னு முதல்ல பாருங்க. பச்சை முனை 8 டிகிரி சாய்வா தேய்ச்சது, நீல முனை சாய்வில்லாதது. ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்தா ஒளி இழப்பு அதிகமாகும், முனையும் கெட்டுப்போகும். சுவர் மூலையில ஒயரை மடிக்காதீங்க, 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாம வளைச்சு விடுங்க. ஆணி கிளிப்பை இறுக்கி அடிச்சாலும் அதே கெடுதல்தான். முனையை விரலால தொடக்கூடாது, சட்டைத்துணியால துடைக்கக்கூடாது, கண்ணால எட்டிப் பார்க்கவே கூடாது. வர்ற ஒளி கண்ணுக்குத் தெரியாது.

ஓஎன்டியோட செட்டிங்ஸ் பக்கத்துக்கு உள்ளே போனா ஆப்டிகல் பவர்னு ஒரு எண் இருக்கும். -8க்கும் -27க்கும் நடுவுல இருக்கணும். -15 முதல் -24 வரைக்கும் நிம்மதியா இருக்கலாம். -26, -27ன்னு விளிம்புல இருந்தா எப்பவாவது சிவப்பு விளக்கு எரியும், அதை நிறுவனத்துக்கிட்ட சொல்லிச் சரிசெய்யணும். வேலைக்கு முன்னாடி அந்த எண்ணைக் குறிச்சு வைங்க, பின்னாடி ஒப்பிடுங்க. ஒரு கப்ளர் சேர்த்தா அரை டெசிபலுக்கு மேல குறையக்கூடாது.

#7 – தென்றல்தெரு

இவ்வளவு எதற்கு? ஒரு ரிப்பீட்டர் வாங்கிப் பின்னறையில் செருகிவிட்டால் முடிந்ததே.

#8 – செம்புக்கம்பி

பின்னறையில் செருகினால் நிச்சயம் முடியாது. அங்கே வரும் சிக்னல் -84. ரிப்பீட்டர் அந்தக் கெட்ட சிக்னலைத்தான் வாங்கி, திரும்பச் சத்தமாக ஒலிபரப்பும். போனில் முழுக் கோடு காட்டும், வேகம் அதே 6 இருக்கும் அல்லது குறையும். ரிப்பீட்டர் பயனில்லை என்று பேர் வாங்குவதற்குப் பாதிக் காரணம் இந்த இடத்தேர்வுதான்.

மீதிக் காரணம் அதன் அமைப்பு. ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பினால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது, வேகம் பாதியாகும். 2.4 மட்டுமே உள்ள மலிவு வகையில் கடைசியில் 20, 25 எம்பிபிஎஸ் கிடைத்தால் அதிகம்.

வேறு வழியே இல்லாதவர்கள் இரண்டு பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும்) உள்ளதாக வாங்குங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் -60 முதல் -65 வரை இருக்கும் பாதி வழியில் வையுங்கள். இந்த வீட்டில் அது படிக்கட்டின் மேல்முனை, பின்னறை இல்லை.

#9 – வலைப்பின்னல்

மெஷ் (ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பல பெட்டிகள்) பற்றி யாரும் சொல்லவில்லையே. இரண்டு பெட்டி மெஷ் செட் இவர் பட்ஜெட்டுக்குள் வரும். ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஆப்பிலேயே எல்லாம் முடியும். சுவரில் ஓட்டை போட வேண்டாம்.

#10 – அலைவரிசை

மெஷ் பயனுள்ளதுதான், மறுக்கவில்லை. ஆனால் பட்ஜெட்டுக்குள் வரும் மெஷ் செட்கள் பெரும்பாலும் இரண்டு பேண்ட் வகை. இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் பேசுவதற்கும், உங்கள் போனோடு பேசுவதற்கும் அதே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவையே பயன்படுத்தும். ரிப்பீட்டருக்குச் சொன்ன பாதிக் கணக்கு இங்கேயும் பொருந்தும். பெட்டிகளுக்கு இடையே பேச என்றே மூன்றாவது ரேடியோ உள்ளவை இந்த விலைக்கு வராது. அப்படியே வாங்கினாலும் அந்த ரேடியோவும் இதே கான்கிரீட்டைத்தான் கடக்க வேண்டும்.

மெஷ் பெட்டிகளின் பின்னால் லேன் போர்ட் இருக்கும். மாடிப் பெட்டியை கேபிளால் கீழ்ப் பெட்டியோடு இணைத்தால் அது முழு வேகத்தில் ஓடும். அந்தக் கேபிளை இழுக்கத் தயாராகிவிட்டால் மெஷ் என்று தனியாக வாங்க வேண்டியதும் இல்லை. அக்சஸ் பாயின்ட் மோட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் வேலையை மட்டும் செய்வது) உள்ள சாதாரண வைஃபை 6 ரூட்டர் ஒன்று போதும். கான்கிரீட் வீட்டில் மாடிக்கு ஒரு கேபிள், மாடியில் ஒரு அக்சஸ் பாயின்ட். இதைவிட நம்பகமான தீர்வு கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

ரூட்டர் வாங்கும்போது அட்டையில் ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்3000 என்று போட்டிருப்பது இரண்டு பேண்டின் வேகத்தையும் கூட்டிய எண். எந்தப் போனும் ஒரே நேரத்தில் அந்தக் கூட்டு வேகத்தை எடுக்காது. இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 6 போன் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1,201 எம்பிபிஎஸ் லிங்க் காட்டும். கையில் கிடைப்பது அதில் பாதி, நல்ல இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 200 எம்பிபிஎஸ் லைனுக்கு அது தாராளம். அட்டையில் பார்க்க வேண்டியது, போர்ட்டுகள் கிகாபிட்டா என்பதை. வைஃபை வேகத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு 100 எம்பிபிஎஸ் போர்ட் வைத்த மாடல்கள் சந்தையில் இருக்கின்றன.

#11 – செம்புக்கம்பி

கேபிள் என்று முடிவானால் என் பங்குக்குச் சில விவரங்கள்.

வழி: வீடு கட்டும்போது கேபிள் டிவிக்காகப் போட்ட பைப் சுவருக்குள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பழைய கேபிளின் முனையில் புதியதைக் கட்டி இழுத்துவிடலாம். மின்சார ஒயர் போகும் பைப்புக்குள் மட்டும் லேன் கேபிளைத் திணிக்காதீர்கள். இன்சுலேஷன் ஓரிடத்தில் உரிந்தால் 230 வோல்ட் உங்கள் ரூட்டருக்கும் கைக்கும் வரும். மின்ஒயருக்குப் பக்கத்தில் நெடுகப் போக வேண்டியிருந்தால் ஒரு அடி இடைவெளி விடுங்கள், குறுக்கே போனால் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள்.

பைப் இல்லை என்றால் வெளிச்சுவர் வழி. வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் கேட்6 கேபிள் வேண்டும். வீட்டுக்குள் பயன்படுத்தும் சாம்பல் நிறக் கேபிளின் உறை நம் வெயிலில் நாளடைவில் வெடித்துவிடும். சுவரில் துளை போடும்போது உள்ளிருந்து வெளியே சற்று கீழ்நோக்கிச் சாய்வாகப் போடுங்கள். கேபிள் துளைக்குள் நுழைவதற்கு முன் ஒரு சாண் தொங்கி மேலேறும்படி வளைத்து விடுங்கள்; மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. 12 மில்லிமீட்டர் பிட் போதும். ஆர்ஜே45 முனையை (லேன் போர்ட்டில் செருகும் பிளாஸ்டிக் இணைப்பான்) கேபிளை நுழைத்த பிறகு போட்டால் பெரிய ஓட்டை தேவைப்படாது.

கேபிள்: முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கேபிளைக் குறைந்த விலைக்கு நீட்டுவார்கள். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அதுதான் அடையாளம். இரண்டு மூன்று முறை வளைத்தாலே முறிவதும் அதுவே. 200, 500 எம்பிபிஎஸ்ஸுக்கு கேட்5இ போதும். ஆனாலும் சுவருக்குள் ஒரு முறைதான் இழுக்கப் போகிறோம், கேட்6 போட்டுவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், எந்த வீட்டுக்கும் போதும்.

முனை: இரண்டு பக்கமும் ஒரே வரிசை. ஆர்ஜே45இன் கொக்கி கீழ்ப்பக்கமாக இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளி உறை இணைப்பானுக்குள் போய், கிரிம்ப் செய்யும்போது அது உறையையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். இல்லாவிட்டால் நாலு தடவை கழற்றி மாட்டினால் கம்பி உருவிக்கொள்ளும்.

இரண்டு தனித்தனிக் கட்டடங்களுக்கு இடையே (முன் வீடு, தோட்டத்து வீடு) என்றால் செம்புக் கேபிள் வேண்டாம். இடி மின்னல் காலத்தில் இரண்டு முனையிலும் உள்ள கருவிகள் போய்விடும். அதற்கு ஃபைபர்தான்.

#12 – வாடகைவீடு

வாடகை வீட்டில் இருப்பவர்கள் துளை போட முடியாதே. மின்சார பிளக் வழியாக இன்டர்நெட் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

#13 – செம்புக்கம்பி

திருப்பித் தரும் வசதியோடு வாங்கினால் முயலலாம். நம்பிப் பணத்தைப் போட முடியாது. நம் வீடுகளில் மூன்று சிக்கல். த்ரீ பேஸ் இணைப்பில் கீழ்த்தளம் ஒரு பேஸ், மாடி வேறு பேஸ் என்று பிரித்திருப்பார்கள். பேஸ் மாறினால் சிக்னல் மிகவும் பலவீனமாகும், அல்லது கிடைக்கவே கிடைக்காது. இன்வெர்ட்டர் லைனில் ஒரு முனையும் நேரடி லைனில் மறுமுனையும் இருந்தாலும் அதே கதி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சர்ஜ் வடிகட்டி இருந்தால் அது இந்த சிக்னலையும் சேர்த்து வடிகட்டிவிடும், எனவே நேராகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும். மோட்டார், மலிவான எல்இடி பல்பு ஓடும்போது வேகம் ஆடும்.

வாடகை வீட்டுக்கு என் பரிந்துரை தட்டையான லேன் கேபிள். கதவுச் சட்டத்தின் ஓரமாக, சுவரடி ஸ்கர்ட்டிங் மேலாக ஒட்டும் கிளிப் வைத்துக் கொண்டுபோகலாம். படிக்கட்டுக் கைப்பிடியோரம் ஏற்றலாம். காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

#14 – கண்ணாடியிழை

ரூட்டர் வாங்கிட்டு வந்து நேரா செருகிடாதீங்க. நிறைய பேர் ஓஎன்டியோட லேன்ல இருந்து புது ரூட்டரோட வான் (WAN, வெளி இணைப்பு வர்ற) போர்ட்டுக்குக் குடுத்துடுறாங்க. நெட் வரும், ஆனா வீட்டுக்குள்ள ரெண்டு தனித்தனி நெட்வொர்க் ஆகிடும். மாடியில இருக்கிற போனுக்குக் கீழே இருக்கிற பிரிண்டரும் டிவியும் தெரியாது, கேமரா ஆப் மக்கர் பண்ணும்.

அக்சஸ் பாயின்ட் மோட் மெனுவுல இருந்தா அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லைன்னா கையால: முதல்ல புது ரூட்டரை மட்டும் லேப்டாப்ல மாட்டி, அதோட லேன் முகவரியை 192.168.1.2ன்னு மாத்துங்க (ஓஎன்டி 192.168.1.1ல இருந்தா). அடுத்து அதுல டிஹெச்சிபியை (ஒவ்வொரு கருவிக்கும் முகவரி குடுக்கிற வேலை) அணைங்க. ஓஎன்டியோட டிஹெச்சிபி எல்லை 192.168.1.10ல இருந்து ஆரம்பிக்கிற மாதிரி வைங்க, அப்பதான் .2 வேற யாருக்கும் போகாது. கடைசியா கேபிளைப் புது ரூட்டரோட வான்ல இல்லாம லேன் போர்ட்ல செருகுங்க. வான் காலியாவே இருக்கட்டும்.

வைஃபை பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை மூணும் கீழே இருக்கிற மாதிரியே எழுத்து மாறாம வைங்க. சேனல் மட்டும் வேற.

#15 – அலைவரிசை

சேனல் பேச்சு வந்ததால் அதை விரிவாகவே எழுதுகிறேன். இதில்தான் தவறான அறிவுரைகள் அதிகம் சுற்றுகின்றன.

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு சிக்னலும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஆகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 மட்டுமே. 'எல்லாரும் 1, 6இல் இருக்கிறார்கள், 3 காலி' என்று 3க்குப் போகாதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரூட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, முறை வைத்துப் பேசிக்கொள்ளும். 3இல் இருக்கும் ரூட்டர் 1க்கும் 6க்கும் வெறும் இரைச்சல். அவை உங்களுக்கும் இரைச்சல். மூவருக்கும் கெடுதல். 12, 13 இந்தியாவில் அனுமதி உள்ளவைதான், ஆனால் சில போன்களும் லேப்டாப்களும் அவற்றைக் காட்டாது. அகலத்தை 20இலேயே வையுங்கள். 40 ஆக்கினால் பேண்டின் பாதியை விழுங்கிவிடும். தெருவில் நாலு வீடு இருக்கும் இடத்தில் அது வேகத்தைக் கூட்டாது, குறைக்கும்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018 அக்டோபர் அறிவிக்கைக்குப் பிறகு இந்தியாவில் 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கீழ்த்தளத்துக்கு 36, மாடிக்கு 149 என்று வையுங்கள். இரண்டும் தொட்டுக்கொள்ளாது. 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரூட்டர் அங்கே பேசுவதற்கு முன் குறைந்தது 60 வினாடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ரேடார் போல எதையாவது கேட்டால் உடனே சேனலைவிட்டு விலக வேண்டும். அப்போது எல்லோருடைய இணைப்பும் அறுந்து மீளும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. அக்கம்பக்கம் நெரிசலான அடுக்குமாடியில், விமான நிலையம் தூரத்தில் இருந்தால், 100ஐ முயன்று பாருங்கள். பெரும்பாலும் ஆளில்லாமல் கிடக்கும்.

சேனலைத் தேர்ந்தெடுக்கக் காலையில் ஸ்கேன் செய்து பயனில்லை. இரவு 8 முதல் 10 மணிக்குள், எல்லா வீட்டிலும் டிவி ஓடும்போது பாருங்கள்.

#16 – தென்றல்தெரு

ரூட்டர் மெனுவில் டிரான்ஸ்மிட் பவர் என்று இருக்கிறதே. அதை ஹையில் வைத்தால் மாடிக்கும் எட்டாதா?

#17 – அலைவரிசை

எட்டும். ஆனால் போன் பதில் சொல்வது ரூட்டருக்குக் கேட்காது. போனின் ரேடியோ சிறிய பேட்டரியில் ஓடுவது, அதன் சக்தி ரூட்டரைவிடக் குறைவு. ரூட்டரைக் கூட்டினால் போனில் கோடுகள் கூடும். அப்லோட், வீடியோ காலில் உங்கள் முகம் எதிராளிக்குப் போவது, எதுவும் மாறாது.

இரண்டு அக்சஸ் பாயின்ட் வந்துவிட்டால் நான் எதிர்ப்பக்கம் சொல்வேன்: கீழ்த்தளத்தில் மீடியமாகக் குறையுங்கள். எந்த ரூட்டரோடு இணைவது என்று தீர்மானிப்பது போன்தான், ரூட்டர் இல்லை. ஆப்பிள் போன்கள் சிக்னல் -70க்குக் கீழே போன பிறகுதான் வேறு இடம் தேடத் தொடங்கும். கீழ் ரூட்டர் மாடியில் -68 காட்டிக்கொண்டே இருந்தால், பக்கத்திலேயே -45இல் புதிய பெட்டி இருந்தும் போன் கீழே உள்ளதையே பிடித்துக்கொண்டிருக்கும். 802.11கே, வி என்ற அமைப்புகள் இரண்டு பெட்டியிலும் இருந்தால் இயக்குங்கள், போன் சீக்கிரம் மாறும்.

#18 – வரிசைநிர்வாகி

இன்னும் பேசப்படாத ஒன்று: இரண்டு வைஃபை கேமரா. அவை கிளவுடில் பதிவேற்றுபவை என்றால் ஒவ்வொன்றும் இரவு பகலாக 2, 4 எம்பிபிஎஸ் அப்லோட் எடுக்கலாம். யாராவது போட்டோ பேக்கப் தொடங்கும்போது அப்லோட் வரிசை நிரம்பி, வீடியோ கால் பாக்கெட்டுகள் அதன் பின்னால் காத்துக் கிடக்கும். வேகச் சோதனை 190 காட்டும், கால் மட்டும் திணறும். சோதித்துப் பார்க்கப் பெரிய கோப்பு ஒன்றை அப்லோட் போட்டுவிட்டு 8.8.8.8க்குப் பிங் பாருங்கள். 10இல் இருந்தது 200, 300 ஆனால் நோய் இதுதான்.

ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான திறமூல மென்பொருள்) ஓடும் ரூட்டராக இருந்தால் அதில் எஸ்க்யூஎம் என்ற வரிசைக் கட்டுப்பாட்டை நிறுவி, கேக் என்ற வரிசைமுறையைத் தேர்ந்து, இரண்டு திசையிலும் லைன் வேகத்தில் 90 சதவீதம் வையுங்கள், 200க்கு 180. பத்து சதவீதம் வேகத்தை விட்டுக்கொடுத்துத் தாமதத்தைப் பிடிக்கிறோம். ஆனால் இது வேலை செய்ய, இன்டர்நெட் அந்த ரூட்டர் வழியாகவே போக வேண்டும். அக்சஸ் பாயின்டாக மட்டும் வைத்தால் பயன் இல்லை. ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டு, இணைப்பை அப்படியே கடத்தும் நிலை) மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

சில சிறு திருத்தங்களும்: பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் ஆக வையுங்கள். பழைய டிகேஐபி இருந்தால் வைஃபை 54 எம்பிபிஎஸ் லிங்குக்கு மேல் ஏறாது. ஸ்மார்ட் பல்புகள் 2.4 மட்டுமே அறிந்தவை. டபிள்யூபிஏ3 மட்டும் என்று போட்டால் பல பல்புகள் இணையாது. அவற்றுக்கு 2.4இல் தனிப் பெயர் கொடுங்கள், ஆனால் பெயர்களைப் பெருக்க வேண்டாம். ஒவ்வொரு பெயரும் வினாடிக்கு சுமார் பத்து முறை மிக மெதுவான வேகத்தில் தன்னை அறிவித்துக்கொண்டே இருக்கும். ரூட்டரில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள், அதன் கேபிள் 2.4இல் இரைச்சல் கிளப்பும். டிவியை லேன் கேபிளில் மாட்டுங்கள். டிவியின் போர்ட் 100 எம்பிபிஎஸ் ஆனாலும் 4கே படத்துக்கு 25 போதும், காற்றில் அந்த இடம் மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

#19 – மாடிவீடு

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஓஎன்டியை டிவி ஸ்டாண்டிலிருந்து எடுத்து, அதே மூலையில் 5 அடி உயரத்தில் ஷெல்ஃப் அடித்து வைத்தாயிற்று. மாடிக்கு அவுட்டோர் கேட்6, சுமார் 18 மீட்டர். மாடி நடைபாதையில் வைஃபை 6 ரூட்டர், அக்சஸ் பாயின்ட் மோட், சேனல் 149. பின்னறையில் இப்போது -57. பிங் 3, 6க்குள் நிற்கிறது. ஆனால் மாடியில் எங்கே பார்த்தாலும் வேகம் 94இல் நின்றுவிடுகிறது. சிக்னல் இவ்வளவு நன்றாக இருந்தும் ஏன்?

#20 – செம்புக்கம்பி

94 என்ற எண்ணே பதில் சொல்லிவிட்டது: கேபிள் 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருக்கிறது. 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி சரியாகக் கடிக்கப்படவில்லை. முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எட்டுக் கம்பியும் பிளாஸ்டிக்கின் கடைசிச் சுவர் வரை முட்டியிருக்க வேண்டும். குட்டையாக நிற்கும் பக்கத்தை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தபின் மாட்டுங்கள். ரூட்டரின் லேன் நிலைப் பக்கத்தில் 1000 என்று காட்ட வேண்டும்.

#21 – மாடிவீடு

மாடி முனையில் பழுப்புக் கம்பி உள்ளே எட்டவில்லை. மாற்றியதும் 1000 காட்டுகிறது, பின்னறையில் 185. கடைசியாக ஒன்று: கரண்ட் போனால் ஓஎன்டி இன்வெர்ட்டரில் ஓடுகிறது, மாடி பிளக் இன்வெர்ட்டரில் இல்லை. மாடிக்குத் தனியாக மினி யுபிஎஸ் வாங்கலாமா?

#22 – கண்ணாடியிழை

வாங்கலாம். ரூட்டர் அடாப்டர் மேல இருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க. 12 வோல்ட்ன்னா மினி யுபிஎஸ்ஸும் 12 வோல்ட்தான். 9 வோல்ட் ரூட்டர்களும் உண்டு, மாத்திச் செருகினா ரூட்டர் போயிடும். ஆம்பியர் அதே அளவோ அதிகமோ இருக்கணும். பின் நடுவுல பிளஸ்ஸான்னு ரெண்டு ஸ்டிக்கர்லயும் இருக்கிற வட்டப் படத்தை ஒப்பிடுங்க.

ஓஎன்டி கரண்ட் போகும்போது ரீஸ்டார்ட் ஆகுதா? ஆனா இன்வெர்ட்டர் பின்னாடி யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. அதுக்கு மாத்தினா மாறுற இடைவெளி குறையும்.

#23 – செம்புக்கம்பி

பிற்பாடு இதே அமைப்புக்கு மாறுபவர்கள் ரூட்டருக்குப் பதிலாக பிஓஇ உள்ள அக்சஸ் பாயின்ட் வாங்கினால் மாடியில் பிளக்கே தேவைப்படாது. கீழே இன்வெர்ட்டரில் இருக்கும் இன்ஜெக்டரிலிருந்து அதே லேன் கேபிளில் மின்சாரமும் மேலே போகும். 802.3ஏஎஃப் தரம் என்று எழுதியிருப்பதையே எடுங்கள். எதிர்முனையில் தகுந்த கருவி இருக்கிறதா என்று கேட்ட பிறகே அது மின்சாரம் அனுப்பும், ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை. 24 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டர் எதையும் கேட்காமல் அனுப்பிவிடும். அதில் லேப்டாப்பைத் தவறிச் செருகினால் லேன் போர்ட் கருகலாம். பிஓஇக்கு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் கூடவே கூடாது: தடை அதிகம், சூடாகும், வோல்டேஜும் குறையும்.